பதினேழு பவுண்டு ஸ்பிரிங்

இரண்டு வருடமாக முடிவெடுத்துக்கொண்டிருந்தேன்.
பல்கேரியப் போலீஸ்காரன் எவனோ
இடுப்பில் உரசியே வெளுக்க வைத்த மக்காரோவ்.
மைனாட் ஊர்க் கண்காட்சியில் இருநூற்றுப் பத்து டாலர்,
தோல் உறையோடு சேர்த்து.
உறைக்குள் நீல மையில் அந்நிய எழுத்தில் ஒரு பெயர்,
அதன்மேல் ஒரு கோடு,
கீழே இன்னொரு பெயர்.
என் பெயரை நான் எழுதவில்லை.

குறை சொல்ல உட்கார்ந்தால் பொழுது போதாது.
குறிமுள் கொசுக்கால் தடிமன்.
செம்பழுப்புப் பிடியில் திருகைச் சுற்றி விரிசல்.
முதல் குண்டுக்கு விசையை இழுப்பது
உறைந்துபோன கார்க் கதவைத் திறப்பது மாதிரி.
ஆனாலும் ஒருநாளும் சிக்கியதில்லை.
மூன்று அங்குலம் இடப்பக்கம் தள்ளி,
எட்டும் ஒரே இடத்தில்.

நான் துணி துவைக்கும் மெஷின் ரிப்பேர் செய்பவன்.
பேரிங் விலை, என் கூலி, வரி எல்லாம் கூட்டிக் காட்டி
"புதுசே வாங்கிடுங்க" என்று
வாரத்துக்கு நாலு வீட்டில் சொல்கிறேன்.
அதே பென்சிலால் எனக்கும் கூட்டினேன்:
பிடி நாற்பத்தைந்து.
குறிமுள் வெட்டிப் பொருத்த நூற்று அறுபது.
கறுப்பேற்ற நூற்று முப்பது.
ஸ்பிரிங் பன்னிரண்டு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

விற்கலாம்தான்.
ஆர்லோ நூற்றெழுபது தருவான்,
தரும்போது எனக்காகப் பரிதாபப்படுவான்.
அதற்கே நாற்பது டாலர் கழியும்.

"ஒண்ணு பண்ணு, இல்ல விடு,
சாப்பாட்டு மேசையில எண்ணெய்த்துணி விரிக்காதே,"
என்றாள் ஜோலீன்.
சரி, ஸ்பிரிங் மட்டும் என்று ஜனவரியில் இறங்கி வந்தேன்.
பணம் கட்டினேன்.
பனிப்புயலில் தபால் எங்கோ நின்றுவிட்டது.

அப்போதுதான் பிஸ்மார்க்கிலிருந்து மார்லிஸ் கூப்பிட்டாள்.
லேண்டனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்களாம்.
பதினோரு நாள் உள்ளே இருந்திருக்கிறான்,
எங்களுக்குத் தெரியாது.
உன் அடித்தள அறை சும்மாதானே கிடக்கிறது,
கொஞ்ச நாள் உன்னோடு மெஷின் தூக்கட்டும் என்றாள்.
அறையில் சூடு வருமா என்று கேட்டாள்.
பாத்ரூம் உள்ளே தாழிடுமா என்று கேட்டாள்.
ஜோலீனின் முதுகுவலி மாத்திரையைக் கேட்டாள்.
அதன்பின் ஏதோ கேட்க வாயெடுத்து,
அவன் முட்டை சாப்பிட மாட்டான் என்றாள்.

போனை வைத்தேன்.
எண்ணெய்த்துணிமேல் அது மூன்று துண்டாகக் கிடந்தது.
எட்டுக் குண்டும் வரிசையாக நின்றன.
எண்ணினேன்.
இன்னொரு தடவை எண்ணினேன்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
வண்டி மூன்றாவது முறைதான் பிடித்தது.
ஆர்லோ இன்றைக்கு நூற்று அறுபது என்றான்.
சரி என்றேன்.
எட்டு வருடத்தில் முதல்முறையாக
சாமானை விட்டு என்னைப் பார்த்தான்.
"வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?"
குண்டுகளையும் உறையையும் தள்ளிவைத்தேன்.
அதற்குக் காசு வேண்டாம் என்றேன்.

வியாழக்கிழமை லேண்டன் வந்தான்.
என்னைவிட உயரமாகியிருந்தான்.
பாத்ரூம் தாழ்ப்பாள் இருந்த இடத்தில்
நாலு திருகு ஓட்டைகளைப் பார்த்தான்.
விரலால் ஒன்றைத் தடவினான்.
ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய் தபால் வந்தது.
நான் கை துடைத்து வருவதற்குள் அவனே பிரித்துவிட்டான்.
"இது எந்த மெஷினோடது?"
"இங்கே இல்லாத ஒண்ணோடது."
இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அமுக்கினான்,
வலு பார்ப்பவன் போல.
நழுவித் தெறித்து
ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.
ஐயோ என்றான், உண்மையாகவே பதறி.
போனால் போகட்டும் என்று சொல்ல வந்தேன்.
அதற்குள் அவன் தரையில் கன்னம் வைத்துப் படுத்து
டார்ச் கேட்டான்.
கொடுத்துவிட்டு நானும் குனிந்தேன்.
தூசு, ஒரு காய்ந்த பட்டாணி,
ஜோலீன் தேடிய கம்மல்.
"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்," என்றேன்.